பின்புறத்தில் கையெழுத்து இல்லாத செய்திகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமூக ஊடகங்களில் வரும் தகவல்களை நம்புவதற்கு முன் ஒவ்வொருவரும் யோசித்துப் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்தி அண்மையில் தங்கள் நாளிதழில் வெளியான தலையங்கத்தை இரண்டு முறை படித்தேன். அதன் நோக்கத்தில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆனால், எதை யோசிப்பது, எப்படி யோசிப்பது என்ற கேள்வியின் வாசலிலேயே அது நின்றுவிட்டதாக எனக்குத் தோன்றியது. வங்கியில் 34 ஆண்டுகள், முதலில் காசாளராகவும் பிறகு கிளை மேலாளராகவும் பணியாற்றி, 2019-இல் ஓய்வு பெற்றவன் நான். கைக்கு வந்த தாளை நம்புவதா, திருப்பி அனுப்புவதா என்று ஒரு நாளைக்கு நூறு முறை முடிவு செய்ய வேண்டிய வேலை அது. அந்த வேலை கற்றுக்கொடுத்தவற்றில் சிலவற்றை, இன்று எல்லோர் கைப்பேசியிலும் வந்து குவியும் செய்திகளோடு வைத்துப் பார்த்து இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எங்கள் ஆரணிப் பகுதியில் பத்து ரூபாய் நாணயம் பட்ட பாட்டைத் தங்கள் வாசகர்களில் பலர் அவரவர் ஊர்களிலும் கண்டிருப்பார்கள். 2011 ஜூலையில் இந்த நாணயத்தில் புதிய ரூபாய்க் குறியீடு சேர்க்கப்பட்டது. அதற்கு முன்பு வந்தவற்றில் அந்தக் குறியீடு இல்லை. ஒன்றில் பத்துக் கோடுகள், இன்னொன்றில் பதினைந்து கோடுகள் என்று வடிவங்களும் மாறி மாறி வந்தன. இந்த வேறுபாடுகளைப் பார்த்த யாரோ ஒருவர், குறியீடு இல்லாதது கள்ள நாணயம் என்று எழுதினார். வேறொருவர், பதினைந்து கோடு போட்டது செல்லாது என்று எழுதினார். வாட்ஸ்ஆப்பில் அது ஊர் ஊராகச் சுற்றியது. ரிசர்வ் வங்கி 2016 நவம்பர் 20 அன்று ஒரு விளக்கம் வெளியிட்டது. 2018 ஜனவரி 17 அன்று மீண்டும் ஓர் அறிக்கை வெளியிட்டு, அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று தெரிவித்தது. ஐயம் உள்ளவர்கள் 14440 என்ற எண்ணுக்கு அழைத்தால், பதிவு செய்த குரலில் விளக்கம் கேட்கலாம் என்ற ஏற்பாட்டையும் செய்தது. நான் அந்த அறிக்கையை அச்செடுத்து எங்கள் கிளையின் கண்ணாடிக் கதவில் ஒட்டினேன். அதைப் படித்துக்கொண்டே உள்ளே வந்தவர்கள், கவுன்ட்டரில் நின்று, நாணயம் வேண்டாம், நோட்டாகக் கொடுங்கள் என்று கேட்டார்கள்.

அவர்களிடம் பலமுறை பேசிப் பார்த்திருக்கிறேன். நாணயம் போலி என்று உண்மையிலேயே நம்பியவர்கள் மிகச் சிலரே. "எனக்குத் தெரியும் சார், செல்லும். ஆனா பஸ்ல வாங்க மாட்டேங்கிறாங்க, காய்க்கடையில வாங்க மாட்டேங்கிறாங்க" என்பதுதான் பெரும்பாலோரின் பதில். பேருந்து நடத்துநரைக் கேட்டால், சில்லறையாகக் கொடுக்கும்போது பயணிகள் வாங்குவதில்லை என்பார். காய்கறிக் கடைக்காரரைக் கேட்டால், மண்டியில் வாங்குவதில்லை என்பார். ஒவ்வொருவரும் தாம் நம்பாத ஒரு பொய்க்கு, அடுத்தவர் அதை நம்புகிறார் என்ற காரணத்தால் கட்டுப்பட்டு நடந்தார்கள். 2022-இல் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர், தம் தாயாரின் கடையில் சேர்ந்த இந்த நாணயங்களை யாரும் வாங்காததைக் கண்டு மனம் வருந்தி, இவை செல்லும் என்று காட்டுவதற்காகவே 6 லட்சம் ரூபாயைப் பத்து ரூபாய் நாணயங்களாகச் சேர்த்து எடுத்துச் சென்று கார் வாங்கினார். ஒரு தகவல் தவறு என்று மறுப்பு வெளியிட்டவுடன் அதன் ஆயுள் முடிந்துவிடும் என்று எண்ணுகிறவர்கள், அந்த மனிதர் அத்தனை மூட்டைகளை ஏன் சுமக்க நேர்ந்தது என்று நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன்.

நாணயத்தின் கதையில் இழப்பு பணத்தோடு நின்றது. 2018 மே மாதத்தில் எங்கள் மாவட்டத்தில் ஓர் உயிர் போனது. கோயில் வழிபாட்டுக்காகச் சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம், போளூர் அருகே வழி கேட்பதற்காக நின்றபோது, அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கும் கும்பல் என்று எண்ணிக் கூடிய கூட்டம் அவர்களைத் தாக்கியதில், அறுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் இறந்தார். அதே மாதத்தில் பழவேற்காட்டிலும் இதே சந்தேகத்தின் பேரில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ராயின்பாடா கிராமத்தில் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். அந்த நாட்களில் நாடு முழுவதும் சுற்றிய காணொலிகளில் ஒன்று, இருசக்கர வாகனத்தில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்லும் காட்சி. அது பாகிஸ்தானின் கராச்சி நகரில், குழந்தைகளின் பாதுகாப்பை வலியுறுத்தி எடுக்கப்பட்ட விழிப்புணர்வு விளம்பரப் படம். அதன் முடிவில் அந்த இருவரும் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஓர் எச்சரிக்கை வாசகத்தைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்தக் கடைசிச் சில நொடிகளை யாரோ வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள்.

போளூர் நிகழ்வுக்குச் சில நாட்களுக்கு முன்பு எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவிலும், பிள்ளை பிடிக்கிறவர்கள் வெளிமாநிலத்திலிருந்து கூட்டமாக வந்திறங்கியிருப்பதாக ஒரு குரல் பதிவு வந்தது. அனுப்பியவர் என் மூத்த அக்கா. எங்கள் தாயார் இளம் வயதில் மறைந்த பிறகு எங்களை வளர்த்து ஆளாக்கியவர். பதிவைக் கேட்டவுடனேயே எனக்கு ஐயம் ஏற்பட்டது. பேசியவர் தம் பெயரைச் சொல்லவில்லை. எந்த ஊரில், எந்த நாளில், யாருடைய பிள்ளையைக் கடத்தினார்கள் என்ற விவரம் இல்லை. எந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப்பட்டது என்றும் இல்லை. இவ்வளவும் கவனித்தும் நான் ஒன்றும் எழுதவில்லை. இருபத்தேழு பேர் இருக்கும் குழுவில், பேரப்பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அக்கா அனுப்பியது தவறு என்று எழுதுவது மரியாதைக் குறைவு என்று நினைத்தேன். என் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. வங்கி மேலாளராக இருப்பவரே மறுக்கவில்லையே என்று எண்ணித் தம் தெருவில் உள்ளவர்களுக்கும் அனுப்பிவைத்ததாக என் உறவினர் ஒருவர் பின்னர் சொன்னார். போளூர்ச் செய்தி வந்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எங்கள் குழுவிலிருந்து சென்ற பதிவுதான் அந்தக் கிராமத்தை அடைந்தது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. அடையவில்லை என்று சொல்லவும் என்னால் இயலவில்லை.

மறுநாள் அக்காவைத் தனியாக அழைத்து, "அக்கா, இதை உங்களுக்கு யார் அனுப்பினாங்க?" என்று மட்டும் கேட்டேன். உடன் கோயிலுக்கு வரும் தோழி ஒருவரைச் சொன்னார். அவரைக் கேட்டபோது, வேலூரில் இருக்கும் தம் மருமகன் அனுப்பியதாகச் சொன்னார். மருமகன் தம் அலுவலகக் குழுவைக் காட்டினார். அந்தக் குழுவில் அதைப் போட்டவர், எங்கிருந்து வந்தது என்று நினைவில்லை, நல்லதுக்குத்தானே என்று அனுப்பினேன் என்றார். அத்தோடு தடம் அற்றுப்போனது. நான்கு பேரும் கண்ணியமானவர்கள். பிள்ளைகளின் மீதுள்ள அக்கறையால் அனுப்பியவர்கள். நால்வரில் ஒருவர்கூட எதையும் நேரில் பார்த்தவர் இல்லை. பார்த்த ஒருவரைத் தெரிந்தவரும் இல்லை. நான் அக்காவின் மேல் வைத்திருந்த நம்பிக்கையை, அவரும் அறியாமலேயே, முகம் தெரியாத ஒரு குரல் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டது.

காசோலை நடைமுறை தெரிந்தவர்களுக்கு இதில் உள்ள குறை உடனே விளங்கும். ஒருவர் தமக்கு வந்த காசோலையின் பின்புறத்தில் கையெழுத்திட்டு இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். அவரும் அப்படியே கையெழுத்திட்டு மூன்றாமவருக்குக் கொடுக்கலாம். 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாத வரையில், அவ்வாறு கையெழுத்திட்டு மாற்றிய ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் அதைப் பெற்றவருக்குப் பொறுப்பாளியாவார். காசோலை பணமாகாமல் திரும்பினால், பின்புறத்துக் கையெழுத்துகளைப் பிடித்துக்கொண்டே படிப்படியாகப் பின்னோக்கிச் சென்று, முதலில் எழுதிக் கொடுத்தவர் வரை கேட்க முடியும். அதனால்தான் அந்தக் காலத்துக் கடைக்காரர்கள், பின்னால் கையெழுத்திடும் முன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். கைப்பேசியில் ஒரு செய்தியை அனுப்பும்போது, நமக்கு முன்னால் அதைக் கொடுத்தவர்களின் பெயர்கள் அத்தனையும் அழிந்து, நம் பெயர் ஒன்றே அதன் மேல் நிற்கிறது. பெறுகிறவர் கண்ணுக்கு அது நாமே எழுதிக் கொடுத்த காசோலை.

வாட்ஸ்ஆப் நிறுவனம் 2018-இல், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ ஐந்து குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு வைத்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்திகளுக்கு அந்த வரம்பை ஒன்றாகக் குறைத்தது. செய்தியின் தலையில் தெரியும் இரட்டை அம்புக்குறி, அது குறைந்தது ஐந்து கைகளைக் கடந்து வந்திருக்கிறது என்பதற்கான அடையாளம். எங்கள் குழுவில் இதன் பொருள் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுப் பார்த்தேன். கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தியைத் தவிர யாருக்கும் தெரியவில்லை. பலர் அதைப் பார்த்து, நிறைய பேர் அனுப்பியிருக்கிறார்கள், அப்படியானால் முக்கியமான செய்தி என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். அழிந்துபோன கையெழுத்துகளின் எண்ணிக்கையைச் சொல்லும் அந்தச் சிறு குறியையாவது மக்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியது தங்களைப் போன்ற நாளிதழ்களின் கடமை என்று கருதுகிறேன்.

செய்தியைச் சோதிக்கும் முறையைப் பற்றி வங்கியிலிருந்து இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரூபாய் நோட்டை அந்த நோட்டை வைத்தே சோதிக்கலாம். வெளிச்சத்தில் பிடித்தால் நீரோட்டக்குறி தெரியும், பாதுகாப்பு இழை தெரியும், விரலால் தடவினால் அச்சின் மேடு உணரப்படும். வரைவோலை (டிமாண்ட் டிராஃப்ட்) அப்படியல்ல. தாள் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், ஐயம் வந்தால், அதை வெளியிட்ட கிளையைக் கேட்டுத்தான் முடிவு செய்வோம். அதுவும், தாளைக் கொண்டுவந்தவர் தரும் தொலைபேசி எண்ணில் கேட்க மாட்டோம். எங்கள் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் கேட்போம். இந்த ஒரு பழக்கம் என் கிளையை இரண்டு முறை பெரும் இழப்பிலிருந்து காப்பாற்றியது. இணையத்தில் வரும் தகவலை ரூபாய் நோட்டைப் போல, அதையே உற்று உற்றுப் பார்த்துச் சோதித்துவிடலாம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். எழுத்துப்பிழை இருக்கிறதா, முத்திரை இருக்கிறதா, பெயருக்குப் பின்னால் பட்டம் இருக்கிறதா என்று பார்க்கிறோம். பிழை இல்லாமல் எழுதவும், முத்திரையை நகலெடுத்து ஒட்டவும் பொய் சொல்கிறவருக்கும் தெரியும்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மக்ரூ ஆகியோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதையே காட்டுகிறது. முனைவர் பட்டம் பெற்ற வரலாற்று அறிஞர்கள் 10 பேர், செய்தி நிறுவனங்களில் தகவல் சரிபார்க்கும் வேலையில் இருப்பவர்கள் 10 பேர், அதே பல்கலைக்கழக மாணவர்கள் 25 பேர் ஆகியோரிடம் சில இணையப் பக்கங்களைக் கொடுத்து, இவற்றை நம்பலாமா என்று கேட்டார்கள். அறிஞர்களிலும் மாணவர்களிலும் பலர் அந்தப் பக்கத்திலேயே தங்கி, மேலிருந்து கீழாகப் படித்து, அதன் தோற்றத்தையும் பெயரையும் கண்டு ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் பக்கத்தைத் திறந்த சில நொடிகளில் அதை விட்டு வெளியேறி, இதை நடத்துவது யார், இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று வேறு இடங்களில் தேடி, குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தார்கள். படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள் என்ற நம் எண்ணத்துக்கு இந்த ஆய்வு இடம் தரவில்லை. வரைவோலையை ஏற்கும் முன் பதிவேட்டைத் திறக்கும் எழுத்தரின் பழக்கம் யாரிடம் இருக்கிறது என்பதே முடிவைத் தீர்மானித்தது.

தேதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2012 ஏப்ரல் 1 முதல் காசோலையின் ஆயுள் மூன்று மாதம். அதற்கு மேல் ஆகிவிட்டால், எழுதியவர் நல்லவராக இருந்தாலும், கணக்கில் பணம் இருந்தாலும், வங்கி அதை ஏற்காது. செய்திக்கும் இந்த விதி பொருந்தும். அவசரமாக ரத்தம் தேவை என்ற வேண்டுகோள், அனுப்பிய அன்று உண்மையாகவே இருந்திருக்கும். நாளும் ஆண்டும் இல்லாததால் அது ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும்; அந்தக் குடும்பத்தின் தொலைபேசி ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் சமூக ஊடகங்கள் செய்த நன்மையை நான் மறக்கவில்லை. எந்த மண்டபத்தில் இடம் இருக்கிறது, எங்கே உணவு கிடைக்கும், எந்த வீட்டு மாடியில் முதியவர்கள் சிக்கியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவற்றின் வழியாகவே பலருக்குத் தெரிந்தது. ஆனால், மீட்கப்பட்டுவிட்டவர்களுக்காகவும் வேண்டுகோள்கள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. அதே வெள்ளத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி ஊருக்குள் வந்துவிட்டன என்று ஒரு செய்தி பரவி, பண்ணை நிர்வாகம் மறுக்க வேண்டியதாயிற்று. இன்றும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் பழைய ஆண்டின் சிவப்பு எச்சரிக்கை அட்டை புதிதுபோல வருகிறது. வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் நாளும் மணியும் தவறாமல் இருக்கும். சுற்றுக்கு வரும் அட்டையில் பெரும்பாலும் அவை இருப்பதில்லை.

கண்ணால் பார்த்ததையாவது நம்பலாமே என்பவர்களுக்கு 2023 மார்ச் மாதத்தை நினைவூட்ட விரும்புகிறேன். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று காணொலிகள் பரவி, திருப்பூரிலும் பிற ஊர்களிலும் வேலை செய்தவர்களிடையே பெரும் அச்சத்தை ஏற்படுத்தின. ஊரில் இருந்த தாய்மார்கள் அழுதுகொண்டே பிள்ளைகளைத் திரும்பி வரச் சொன்னார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழு ஒன்றை இங்கே அனுப்பி நிலைமையைப் பார்க்கச் செய்தது. அன்றைய காவல்துறைத் தலைமை இயக்குநர் சைலேந்திர பாபு, பரப்பப்பட்ட இரண்டு காணொலிகளைக் குறிப்பிட்டு விளக்கம் அளித்தார். ஒன்று, பீகாரைச் சேர்ந்த தொழிலாளர்களுக்கு உள்ளேயே இரு தரப்பாருக்கு இடையே முன்பு நடந்த மோதல். மற்றொன்று, கோயம்புத்தூரில் உள்ளூர்க்காரர்களுக்கு இடையே நடந்த மோதல். காட்சியில் ஓடிய ரத்தம் உண்மை. அதன் கீழே எழுதப்பட்ட இரண்டு வரிதான் பொய்.

அந்த மறுப்பை நான் நம்பியதற்குக் காரணம், அதைச் சொன்னவர் வகித்த பதவி மட்டும் இல்லை. வதந்தியை நம்பாதீர்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாமல், இந்தக் காணொலி இன்ன ஊரில், இன்னாருக்கு இடையே நடந்தது என்று சரிபார்க்கக் கூடிய விவரங்களை அவர் கொடுத்தார். எந்த மறுப்பும் அந்த அளவுகோலில் நிற்க வேண்டும் என்பது என் கருத்து. எது உண்மை, எது பொய் என்று அரசே முத்திரை குத்திவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும் என்று தங்கள் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அதை என்னால் ஏற்க முடியவில்லை. மத்திய அரசைப் பற்றிய தகவல்களில் எது பொய் என்று முடிவு செய்ய அரசே ஒரு சரிபார்ப்புப் பிரிவை அமைத்துக்கொள்ள வழிசெய்த 2023-ஆம் ஆண்டு விதித் திருத்தத்தை, பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் செல்லாது என்று அறிவித்தது. தன்னைப் பற்றிய வழக்கில் தானே தீர்ப்பு எழுதும் உரிமை எந்தத் தரப்பிடமும் இருக்கக் கூடாது. அரசின் மறுப்பும் ஒரு தரப்பின் அறிக்கைதான். அது விவரங்களோடு வர வேண்டும், மற்றவர்களால் சோதிக்கப்படவும் வேண்டும்.

பொய் ஏன் இவ்வளவு விரைவாக ஓடுகிறது என்பதை அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் சுமார் 30 லட்சம் பேர் பகிர்ந்த ஏறத்தாழ 1,26,000 செய்தித் தொடர்களை ஆராய்ந்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பொய்ச் செய்தி மறுபகிர்வு செய்யப்படும் வாய்ப்பு, உண்மைச் செய்தியைவிட 70 சதவீதம் அதிகம். 1,500 பேரை அடைய உண்மைக்குப் பொய்யைப் போல ஆறு மடங்கு நேரம் பிடித்தது. மனிதர்கள் இல்லாமல் தானாகப் பகிரும் கணினி நிரல்கள் பரப்பியவற்றைக் கழித்துப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை. வேகத்துக்குக் காரணம் நம்மைப் போன்ற மனிதர்களே. பொய்யில் புதுமையும் வியப்பும் அதிகம் என்று அவர்கள் விளக்கினார்கள். என் அனுபவமும் அதுவே. 2016 நவம்பரில் புதிய 2,000 ரூபாய் நோட்டு வந்தபோது, அதற்குள் சிப் இருக்கிறது, 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் செயற்கைக்கோள் கண்டுபிடித்துவிடும் என்ற கதை தொலைக்காட்சிகளிலேயே செய்தியாக ஒளிபரப்பானது. நெடுநேரம் வரிசையில் நின்று வந்த ஒரு பாட்டி, முதல் நோட்டை வாங்கியவுடன் அதை விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்தார். அப்படி ஒன்றும் இல்லை, வெறும் தாள்தான் என்று நான் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. திரும்பத் திரும்பக் கேட்ட வாக்கியம் உண்மைபோலத் தோன்றத் தொடங்குகிறது என்று 1977-லேயே உளவியலாளர்கள் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பாட்டி ஒரு வாரமாக அதைத் தொலைக்காட்சியிலும் தெருவிலும் கேட்டிருந்தார். நான் சொன்னது ஒரே ஒரு முறை.

இப்போது குரலையும் முகத்தையும் செய்து காட்டும் தொழில்நுட்பம் வந்துவிட்டது. முதலீட்டுத் திட்டங்களைப் பரிந்துரைப்பதுபோல ரிசர்வ் வங்கி ஆளுநரின் போலிக் காணொலிகள் பரவியதால், 2024 நவம்பரில் அந்த வங்கியே எச்சரிக்கை வெளியிட வேண்டியிருந்தது. அந்தக் காணொலியை எனக்கு அனுப்பி, இதில் பணம் போடலாமா என்று கேட்டவர் என்னுடன் வேலை பார்த்தவர். உதட்டசைவு பொருந்துகிறதா, கண் இமைக்கிறதா என்று நாங்கள் ஆராயவில்லை. அந்த ஆராய்ச்சியில் இன்று இல்லாவிட்டால் நாளை தோற்றுவிடுவோம். ரிசர்வ் வங்கி எந்தக் காலத்திலாவது தனிமனிதருக்கு முதலீட்டு ஆலோசனை சொன்னது உண்டா என்று கேட்டேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆசிரியர் அவர்களே, இனி எழுதுவது தங்கள் துறையைப் பற்றியது என்பதால் சற்றுத் தயக்கத்தோடு எழுதுகிறேன். சமூக ஊடகங்களில் வைரலாகி வருகிறது என்ற வரியோடு நாளிதழ்களில் வரும் செய்திகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. ஒரு படம் பரவுகிறது என்பது செய்தியாகிவிட்டால், அதை எடுத்தவர் யார், எந்த இடம், எந்த நாள் என்று கேட்கும் பொறுப்பு யாருடையது? நாளிதழில் ஏறியவுடன் அந்தப் படத்துக்குத் தங்கள் கையெழுத்தும் சேர்ந்துவிடுகிறது. திருத்தங்களை உள்பக்கத்தின் ஓரத்தில் நான்கு வரியில் வெளியிடும் வழக்கத்தையும் மாற்ற வேண்டுகிறேன். தவறு முதல் பக்கத்தில் வந்திருந்தால் திருத்தமும் அங்கேயே வருவதுதான் நியாயம். அதைக் கண்டு வாசகர்கள் தங்கள் மேல் கொண்ட நம்பிக்கை குறையாது, என்னைப் போன்றவர்களுக்கு அது கூடும். அரசாணையையோ சுற்றறிக்கையையோ பற்றி எழுதும்போது அதன் எண்ணையும் தேதியையும் வெளியிட்ட அலுவலகத்தையும் ஒரு வரியில் சேர்த்தால், விரும்புகிறவர் மூலத்தைத் தேடிப் படிக்க முடியும்.

நியூஸ் கார்டு விவகாரம் இவற்றைவிட அவசரமானது. தமிழ் நாளிதழ்கள், தொலைக்காட்சிகளின் சின்னத்தையும் நிறத்தையும் எழுத்துருவையும் அப்படியே நகலெடுத்து, தலைவர்கள் சொல்லாததைச் சொன்னதாகப் போலி அட்டைகள் வருகின்றன. தேர்தல் நேரத்தில் இதற்கு அளவே இல்லை. போலி என்று நிறுவனங்கள் மறுப்பு வெளியிடுவதற்குள் அது ஊரைச் சுற்றி வந்துவிடுகிறது. அட்டை என்பது ஒரு முகமும் ஒரு வாக்கியமும் மட்டுமே. செய்தியில் இருக்க வேண்டிய இடமும் நேரமும் சூழலும் அதில் இருப்பதில்லை. போலியாக்குவதற்கு அதைவிட எளிதான வடிவம் கிடையாது. தாங்கள் வெளியிடும் ஒவ்வோர் அட்டையிலும் நாள், மணி, முழுச் செய்தியின் இணைய முகவரி ஆகியவற்றை அச்சிட்டு, அந்த முகவரியில் செய்தி இல்லையென்றால் அட்டை எங்களுடையது அல்ல என்று வாசகர்களுக்கு ஓயாமல் சொல்லி வந்தால், வங்கிப் பதிவேட்டில் உள்ள தொலைபேசி எண் போல மக்களுக்கு ஒரு பிடி கிடைக்கும். எங்கள் குடும்பக் குழுவில் சென்ற ஆண்டிலிருந்து இந்த வழக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறோம். எந்த அட்டை வந்தாலும், அனுப்பியவர் யாராக இருந்தாலும், முழுச் செய்தியைத் தேடிப் போட வேண்டிய பொறுப்பு அவருடையது. முதலில் இதற்கு ஒப்புக்கொண்டவர் என் அக்காதான். இப்போது அவருக்கு எழுபத்தாறு வயது. பேத்தியை அருகில் உட்காரவைத்துத் தேடச் சொல்லி, கிடைக்காவிட்டால் "கிடைக்கலை, எடுத்துட்டேன்" என்று எழுதிவிட்டு அட்டையை நீக்கிவிடுகிறார். அதைப் பார்த்த பிறகு இளையவர்களும் பெரியவர்களிடம், இது எங்கிருந்து வந்தது என்று கூச்சமில்லாமல் கேட்கிறார்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு அருகில் தேநீர்க் கடை வைத்திருப்பவர் பத்து ரூபாய் நாணயத்தை இன்றும் வாங்குவதில்லை. சென்ற வாரம் அவரிடம் ரிசர்வ் வங்கியின் 2018-ஆம் ஆண்டு அறிக்கையைக் கைப்பேசியில் காட்டினேன். "போன்ல ஆயிரம் வரும் சார், பேப்பர்ல போடச் சொல்லுங்க, வாங்கிக்கிறேன்" என்றார். கைப்பேசியில் வருவதை நம்பாமல் இருக்க அவர் கற்றுக்கொண்டிருக்கிறார்; அவருக்கு இன்னும் நம்பிக்கை எஞ்சியிருக்கும் இடம் தங்கள் நாளிதழ். அவர் கடை மேசையில் நாள்தோறும் கிடப்பதும் அதுதான். ஆகவே, அந்த அறிக்கையின் தேதியோடும் 14440 என்ற எண்ணோடும், 14 வடிவங்களின் படங்களையும் சேர்த்து, சிறிய கட்டமாகவேனும் ஒருநாள் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வெளியான அன்று காலையில் ரூபாய்க் குறியீடு இல்லாத நாணயங்கள் இரண்டை எடுத்துக்கொண்டு அவர் கடைக்குச் செல்வேன். என்ன நடந்தது என்பதைத் தங்களுக்கு எழுதித் தெரிவிப்பேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற வங்கி மேலாளர்,
ஆரணி, திருவண்ணாமலை மாவட்டம்.